கேட்ட பறவை பட்டியலில் சேராது

எனக்கு வாய் ஜாஸ்தி. வீட்டில் சொல்வார்கள், ஆபீசில் சொன்னார்கள், ஓய்வு பெற்ற அன்று நடந்த தேநீர் விருந்தில் பேசிய அதிகாரிகூட சிரித்துக்கொண்டே அதைத்தான் சொன்னார். நான் அதையெல்லாம் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். மனதில் ஒன்று வாயில் ஒன்று என்று பேசத் தெரியாதவள் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அந்த வாயால்தான் இந்த மலையாள ஊரில் எனக்கிருந்த ஒரே சிநேகிதியை இழந்தேன்.

இருபத்திரண்டு வருடம் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை அவளுடையது. அவள் குடும்பத்துக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்தவர்கள். நான் ஸ்ரீவராகம் தெருக்காரி. அவள் என்னை 'ஏட்டி' என்பாள், நான் அவளை 'என்னடி' என்பேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மணக்காட்டில் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். இப்போதும் இருக்கிறாள்.

எங்களுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது ஆபீசிலேதான். ஒரு ஐப்பசி மாதக் காலை, மாடிக் கண்ணாடி ஜன்னலில் ஏதோ வந்து 'தொப்'பென்று மோதியது. எட்டிப் பார்த்தால் கீழே சிமெண்ட் தரையில் ஒரு குருவி மல்லாந்து கிடக்கிறது. பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றுக்கடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நான் "செத்துடுத்து" என்றேன். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள். துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்து, ஜெராக்ஸ் பேப்பர் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்து, மேஜைக்கு அடியில் சாயங்காலம் வரை காலோடு அணைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். ஐந்தரை மணி வாக்கில் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு விசில் வந்தது. அப்படியே யாரோ மனிதர்கள் அடிப்பது போல. காம்பவுண்டு ஓரம் புதரடியில் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தாள். அது பறக்கவில்லை. நடந்து போயிற்று. ஆபீஸ் முடிந்து போகிற குமாஸ்தா மாதிரி, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போயிற்று.

அது ஆறுமணிக் குருவி என்று அப்புறம் புத்தகம் வாங்கித் தெரிந்துகொண்டோம். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில்தான் கூப்பிடும். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து குளிருக்கு முன்னால் இங்கே வருகிறது. அவ்வளவு தூரம் வந்து களைத்துப்போய், ஊருக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் மோதிக்கொள்கிறது. "பாவம்ட்டி, எங்கேயோ கெடந்து வந்து, வாசல் படியில விழுந்த கணக்கா" என்றாள் அவள்.

அந்த வருடமே ஆளுக்கொரு பைனாகுலர் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "கல்யாணத்தன்னிக்கு முகூர்த்தத்துக்கு இவளை எழுப்பறதுக்குள்ள எல்லாருக்கும் போதும் போதும்னு ஆயிடுத்து. இப்போ பாரு" என்று என் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்தே சொல்வார். வேளிக் காயலுக்கு வடக்கே கடலை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. அதற்குள் முந்திரியும் தாழையும் காட்டுச்செடியும் மண்டி, நாங்கள் அதைக் காடு என்றே சொல்வோம். ஒரு பக்கம் அலைச் சத்தம், தலைக்கு மேலே விமானம், அதற்கு நடுவில் வடக்கேயிருந்து வந்திறங்கிய குருவிகள். புரட்டாசிக் கடைசியில் நீலவால் பஞ்சுருட்டான்கள் கூட்டமாக வரும். பின்னாலேயே கீச்சான், மாங்குயில், இலைக்குள் ஒளிந்து திரியும் கதிர்க்குருவிகள். எட்டு மணிக்கு வெளியே வந்து தட்டுக்கடையில் தோசையும் ரசவடையும் தின்றுவிட்டு, அன்றைய பட்டியலைச் சரிபார்ப்போம். எழுதுவது அவள். கையெழுத்து மணி மணியாக இருக்கும்.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிற ஆள். அவளுக்குப் பாம்புக் காது. நான் மரம் மரமாகத் துழாவிக்கொண்டிருக்கும்போது அவள் நின்ற இடத்திலேயே தலையைச் சாய்த்து, "வலது பக்கம், தாழ, ரெண்டு இருக்கு" என்பாள். இருக்கும்.

இப்போது அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் வருடமோ நாலாம் வருடமோ, தாழம்புதருக்குள்ளிருந்து ஆறுமணிக் குருவி கூப்பிட்டது. அந்தப் பருவத்தில் முதல் தடவை. நான் துள்ளிக் குதித்து, பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'வந்தாச்சு' என்று போட்டுவிட்டேன். பத்து நிமிஷம் கழித்துப் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு போட்டோக்காரன் எழுந்து நின்றான். கையில் ஒரு குட்டி ஸ்பீக்கர். குருவியை வெளியே வரவழைக்க அதன் குரலையே பதிவு செய்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறான், படுபாவி! அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. குழுவில் போட்டதை அழித்துவிட்டு அங்கேயே சொன்னேன்:

"இனிமே காதால கேட்டது நம்ம பட்டியல்ல கிடையாது. ரெண்டு பேரும் கண்ணால பாத்தாத்தான் எழுதணும். கேட்டியா?"

"ஏட்டி, ஒரு ஸ்பீக்கருக்காகவா?"

"ஆமா. ஸ்பீக்கருக்காகத்தான்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "சரி தாயே" என்றாள். அப்படித்தான் அந்தச் சட்டம் வந்தது. நான் போட்டது. என் மானம் போனதற்காகப் போட்டது. அதற்குப் பிறகு அவள் காது கண்டுபிடித்து, என் கண்ணுக்குச் சிக்காமல் போன பறவை எத்தனையோ. ஒன்றையும் நான் எழுத விடவில்லை. பின்னால் தோப்புக்கு வரத் தொடங்கிய கல்லூரிப் பிள்ளைகள், "ஆன்டி, கேட்டதையும் பறவை ஆப்பில் போடலாமல்லோ. அதுக்குத் தனியா இடம் உண்டே" என்பார்கள். "உங்க ஆப்புல போட்டுக்கோங்கோ. எங்க நோட்டுல கிடையாது" என்று வெட்டிவிடுவேன்.

இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. ஒரு நாள், "இடுப்பு வலிக்குட்டி, இனி நீ ஓட்டு" என்று ஸ்கூட்டர் சாவியை என்னிடம் கொடுத்தாள். நான் வயசைச் சொல்லிக் கேலி செய்தேன். பஸ் போர்டைப் படிக்கச் சொல்வாள். கண்ணாடி மாற்ற வேண்டும் என்பாள். நோட்டில் அவள் எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு பக்கத்துக்கு எட்டுப் பறவைதான் கொள்ளும். "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி எழுதறே" என்றேன். தோப்பில் வேர் தடுக்கி விழப் போனாள். வேரைத் திட்டினாள், நானும் சேர்ந்து திட்டினேன். எந்தப் பறவையை நான் காட்டினாலும், "என்ன நிறம், எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் பைனாகுலரைத் தூக்கி, "பாத்துட்டேன்" என்பாள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. சே, எனக்குக் கண் இருந்து என்ன பிரயோஜனம்!

போன வருடம் ஐப்பசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் துலாமழை கொட்டித் தீர்த்திருந்தது. சருகெல்லாம் நனைந்து, நடந்தால் சத்தமே வரவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். தாழைக்குப் பக்கத்தில் அவள் சட்டென்று நின்றாள். என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, வந்தாச்சு."

இரண்டு விசில். சுற்றுமுற்றும் ஸ்பீக்கர்காரன் எவனும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டேன். நிஜமான ஆறுமணிக் குருவி. அந்த வருடத்தின் முதல் குருவி. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெளியூரிலிருந்து பிள்ளை வந்து வாசலில் நிற்கிற மாதிரி ஒரு முகம். பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கால் மணி நேரம் எல்லோரும் புதரையே பார்த்தோம். இலை அசைந்தது, சருகு புரண்டது, குருவி தட்டுப்படவில்லை. நான்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே அரிப்பு. அப்போது அவள் சொன்னாள்.

"அந்தா! பாத்துட்டேன். தாழைக்கு இந்தப் பக்கம், மண்ணுல நிக்கி. நீலம் நல்லாத் தெரியுது."

பார்த்தேன். வெட்ட வெளி மணல். அதில் பாதி புதைந்த ஒரு நீல பிளாஸ்டிக் துண்டு. வேறு ஒன்றுமில்லை. ஒரு பையன் அதற்குள் போனை எடுத்து, "ஆன்டி கண்டாச்சு, இட்டோட்டே?" என்று பதிவு போடத் தயாராகிவிட்டான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பறவை பார்க்கிறவர்கள் எதையும் மன்னிப்பார்கள், பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். எங்களுக்குள் அதைவிடப் பெரிய திருட்டு கிடையாது. இத்தனை நாளும் இப்படித்தானா? அந்த நோட்டு முழுக்க இப்படித்தானா? அவளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றேன். ஒரு சவுக்கு மரத்தைக் காட்டினேன்.

"அதோ பாருடி! உச்சிக்குக் கீழே ரெண்டாவது கிளை. அரசவால் ஈப்பிடிப்பான். வெள்ளை ஆண்!"

அது வந்தால் எல்லோரும் சொக்கிப்போகிற பறவை. வெள்ளை ரிப்பன் போல ஒரு முழ நீள வால். அந்தக் கிளையில் அப்போது ஒன்றுமே இல்லை. பிள்ளைகள், "எவிடே, எவிடே ஆன்டி?" என்று தவித்தார்கள். அவள் பைனாகுலரைத் தூக்கினாள். சரியான மரத்துக்குத்தான் தூக்கினாள். என் குரல் போன திசையை அவள் காது பிடித்துக்கொண்டிருக்கும்.

"ஆமாட்டி. என்னா அழகு! வாலு தொங்குதே."

"அங்க ஒரு காக்கா கூட இல்லை" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் வேணும்னேதான் சொன்னேன். இப்படித்தான் எல்லாத்தையும் பாத்தேன் பாத்தேன்னு எழுதிண்டிருந்தியா? இத்தனை வருஷமா? இந்தக் குழந்தேள் முன்னாடி உனக்கு வெக்கமா இல்லையாடி?"

அவள் பைனாகுலரை உடனே இறக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லையா?" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு அது திமிராகக் கேட்டது. கேட்டதெல்லாம் சரியாகக் கேட்கிற காதா என்னுடையது? அவள் நிஜமாகவே என்னிடம் கேட்டாள். அங்கே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. என் வார்த்தையை நம்பி அந்த வாலைத் தன் மனதுக்குள் பார்த்திருக்கிறாள். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

பைனாகுலருக்கு மூடியைப் போட்டு, பையில் வைத்து, நோட்டை என் கையில் கொடுத்தாள். வண்டிகிட்டே வந்ததும், "நான் ஆட்டோவுல போயிக்கிடுதேன்" என்றாள். நானும் விட்டுவிட்டேன். 'போகட்டும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவாள்' என்று நினைத்தேன். அவளல்லவா என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு மாதம் விறைப்பாகவே இருந்தேன். என்ன ஜென்மமோ!

கார்த்திகைக்கு விளக்கு வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனவள், அவர்கள் இரும்புக் கடைக்குள் நுழைந்தேன். உண்மையைச் சொன்னால் விளக்கு ஒரு சாக்கு. கல்லாவில் அவள் தம்பியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். "உங்க அக்கா எப்படி இருக்கா?" என்று கொஞ்சம் கிண்டலாகவே கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல! ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா நடக்கோம். இனி உள்ளதக் காப்பாத்தினா போதும்னு டாக்டர் சொல்லுதாரு."

"எதை?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டே வருகிற நோய். நாலு வருஷமாக இருக்கிறது. சுற்றிலும் இருட்டிவிட்டது, நடுவில் மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல மங்கலாக ஏதோ தெரியும். போன மழைக்காலத்தில் அதுவும் குறைந்துவிட்டது.

"எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

"நாங்க சொல்லத்தான் சொன்னோம். அக்காதான் சொல்லாண்டாம்னுட்டா." அவள் சில்லறையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள். "'தெரிஞ்சா என்னையக் கூட்டிக்கிட்டுப் போகமாட்டா. அவளுக்குக் கண்ணால பாக்குற ஆளுதான் வேணும்'னு சொல்லுவா. நாயித்துக்கெழமை ஒண்ணுதான் அவளுக்கு இருந்துது. நீங்க ஒண்ணும் தப்பா எடுக்காதீங்க."

விளக்கு வாங்கினேனா இல்லையா, எப்படி வீட்டுக்கு வந்தேன், ஒன்றும் ஓர்மையில்லை. நோட்டை எடுத்துப் பிரித்தேன். கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் அளவு. கோடு தாண்டி, பக்கம் தாண்டி ஓடியிருக்கிறது. என்னோடு வருவதற்காக அவள் எழுதிய பொய்கள். காதால் கேட்டு அவள் சொன்ன ஒரு பறவைகூடப் பொய்யாகவில்லை. கேட்டது போதும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் கண் முழுக்கப் போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் தோப்பில் நின்றுகொண்டிருந்திருப்போம். நான் அன்று அழுத அழுகையைப் பார்த்து வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே போனேன். தூங்குகிறாள் என்றார்கள். மறுநாளும் தூங்கினாள். போன் செய்தால் எடுப்பாள். "நல்லாருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சுகமா?" என்பாள். நீங்க! இருபத்திரண்டு வருடம் ஏட்டி என்று கூப்பிட்ட வாய். இரண்டு அறை விட்டிருந்தாலும் தேவலை.

இந்த வருடம் ஐப்பசியில் தோப்புக்குத் தனியாகப் போனேன். பஞ்சுருட்டான்கள் வந்திருந்தன. பைனாகுலரைத் தூக்கினேன், நன்றாகத்தான் தெரிந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு, போன்கூடச் செய்யாமல் மணக்காட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

அவளே வந்து திறந்தாள். சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தாள். நான் பேசுவதற்கு முன்பே, செருப்புச் சத்தத்திலேயே கண்டுகொண்டாள். "வாங்க, உள்ள வாங்க" என்று சிரித்தாள். பின்பக்கம் பலா மரம் தெரிகிற அறையில் உட்கார வைத்தாள். தம்பி மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "என்னை மன்னிச்சுடு" என்றேன். "நான் பண்ணினது மகாபாவம்."

"ஐயோ, அதெல்லாம் என்னத்துக்கு இப்ப? நீங்க ஒண்ணும் நினைக்காண்டாம். நான் சொன்னதும் பொய்தானே."

"நீங்கன்னு சொல்லாதேடி. திட்டு. ரெண்டு திட்டு திட்டேன்."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். அதில் கோபம் துளிக்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். மருந்து, டாக்டர், என் பெண்ணின் வேலை என்று பேசிக்கொண்டிருந்தோம், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்ட இரண்டு பேர் மாதிரி. வெளியே வெளிச்சம் மங்கியது.

அப்போதுதான் பலா மரத்தடியிலிருந்து வந்தது. இரண்டு விசில்.

அவள் தலை சாய்ந்தது. பழையபடி, அதே பக்கம், அதே அளவு. அந்த முகம் வந்தது. நான் காத்திருந்தேன். 'ஏட்டி, வந்தாச்சு' என்று அவள் சொல்லிவிட்டால் போதும். வேறொன்றும் வேண்டாம். என் கைப்பைக்குள் நோட்டு இருந்தது. அவள் சொன்னதும் எழுதிவிடலாம் என்று பேனாவைக்கூடத் தொட்டுக்கொண்டேன்.

அவள் முகம் மெல்ல நேராயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. "கேட்டுதா உனக்கு?" என்றேன்.

"கேட்டுது" என்றாள். "ஆனா நான் பாக்கலையே."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. சட்டத்தை மறக்காத ஒருத்தியின் குரல்.

"காப்பி ஆறிரும். குடிங்க" என்றாள்.

குடித்தேன். குருவி இன்னொரு முறை கூப்பிட்டது. காலி டம்ளரை வாங்கிக்கொள்ள அவள் கையை நீட்டினாள், நான் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. நான் நகர்ந்து, டம்ளரை அந்தக் கையில் கொண்டுபோய் வைத்தேன்.